நொடிக்கு விலை உண்டு. காலுக்கு விலை இல்லையா?



கார்ப் பந்தயத்தைப் பற்றி நம் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பனியன் கம்பெனியில் பகல் முழுவதும் நின்று, ஓவர்டைமும் பார்த்து, கால் கடுக்க வீடு திரும்புகிறவனுக்குக் கார்ப் பந்தயம் ஒரு கேடா என்று கேட்டால், அதிலும் நியாயம் உண்டு. கொங்கு நாட்டில் பிறந்த நமக்கு ரேக்ளாப் பந்தயம் தெரியும்; காங்கேயம் காளை தெரியும். லட்சாதிபதிகளின் காரைப் பற்றி நமக்கு என்ன?

ஆனால் அந்தப் பந்தயம் நம்மைத் தேடி வந்து வெகு காலம் ஆகிவிட்டது. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-ம் ஆண்டு முதல் பந்தயத் தடம் இருக்கிறது. கோவையின் மில் குடும்பம் ஒன்றில் பிறந்து, பந்தயக் கார்களை ஓட்டியும் கட்டியும் பேர் எடுத்து, 1995-ல் வான விபத்தில் மறைந்த கரிவர்தனின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். உலகப் பந்தயமான பார்முலா ஒன்னில் 2005-ல் முதன்முதலாக ஓடிய இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். நம் வீட்டுப் பையன்கள் செல்போனில் இந்தப் பந்தயத்தைப் பார்க்கிறார்கள். யார் முந்தினான், யார் பிந்தினான் என்று டீக்கடையில் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். நாம் கேட்கப்போவது வேறொரு கேள்வி. ஓட்டுகிறவனைப் பற்றியதல்ல, சக்கரம் மாட்டுகிறவனைப் பற்றியது.

பிட் என்பது என்ன?

பந்தயத் தடத்தின் ஓரமாக ஒரு சந்து போகிறது. அதற்குப் பெயர் பிட் லேன். பந்தயத்தின் நடுவே டயர் தேய்ந்துபோனால், கார் அந்தச் சந்துக்குள் திரும்பித் தன் கம்பெனியின் பட்டறைக்கு எதிரே வந்து நிற்கும். அங்கே இருபது பேர் தயாராக இருப்பார்கள். முன்னும் பின்னும் ஜாக்கி போட்டுக் காரைத் தூக்குவார்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் மூன்று பேர்: ஒருவர் மரையைக் கழற்ற, ஒருவர் பழைய சக்கரத்தை இழுக்க, ஒருவர் புதியதை மாட்ட. நான்கு சக்கரமும் மாறிக் கார் கிளம்ப எவ்வளவு நேரம் தெரியுமா? 2023-ல் கத்தார் பந்தயத்தில் மெக்லாரன் கம்பெனியின் ஆட்கள் 1.80 நொடியில் முடித்தார்கள். நீங்கள் ஒரு முறை மூச்சை இழுத்து விடுவதற்குள் வேலை முடிந்துவிட்டது!

உழைப்பவன் கை எத்தனை அற்புதம் செய்யும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் அந்த 1.80 நொடி யாருடைய லாபம்? கம்பெனியின் லாபம். அந்த நொடியில் பிசகினால் யாருடைய கால்? மெக்கானிக்கின் கால்.

இது அலங்காரப் பேச்சு அல்ல. நடந்ததைச் சொல்லுகிறேன்.

2018 ஏப்ரலில் பஹ்ரைன் நாட்டில் பந்தயம். பெராரி கம்பெனியின் கார் டயர் மாற்ற வந்து நின்றது. மூன்று சக்கரம் மாறிவிட்டது. இடதுபுறப் பின்சக்கரம் இன்னும் மாறவில்லை. அதற்குள் ‘போகலாம்’ என்று பச்சை விளக்கு எரிந்துவிட்டது. விளக்கைப் பார்த்த ஓட்டி காரைக் கிளப்பினார். புதிய சக்கரத்துடன் அந்தப் பின்சக்கரத்துக்கு முன்னே நின்றிருந்த மெக்கானிக்கின் காலின்மேல் கார் ஏறியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. உலகமே டெலிவிஷனில் பார்த்தது.

தண்டனை என்ன? கம்பெனிக்கு 50,000 யூரோ அபராதம். அன்றைய மதிப்பில் சுமார் 40 லட்ச ரூபாய். கேட்கும்போது பெரிய தொகையாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கம்பெனி பந்தயத்துக்காக ஒரு வருஷத்தில் இதற்குமேல் செலவழிக்கக் கூடாது என்று 2021-ல் ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். அந்த வரம்பே 14.5 கோடி டாலர்! பெரிய கம்பெனிகள் அதற்கு முன்பு அதைவிட அதிகமாகச் செலவழித்ததால்தான் வரம்பு தேவைப்பட்டது. அந்தச் செலவோடு இந்த அபராதத்தை வைத்துப் பார்த்தால், வருஷத்துக்கு 1,80,000 ரூபாய் சம்பாதிக்கும் தொழிலாளிக்கு ஏறத்தாழ 75 ரூபாய் அபராதம் போட்டதற்குச் சமம்.

75 ரூபாய்! ஒரு மனிதனின் கால் முறிந்ததற்கு!

எலும்புக்கும் வேடிக்கைக்கும் ஒரே விலை

இன்னொரு கணக்கு. 2013-ம் ஆண்டு ஜூலையில் ஜெர்மனியில் ரெட்புல் கம்பெனியின் கார், ஒரு சக்கரம் சரியாக முடுக்கப்படாமலே பிட்டிலிருந்து அனுப்பப்பட்டது. சக்கரம் கழன்று, சந்திலே உருண்டு ஓடி, வேலையில் நின்றிருந்த ஒரு காமிராக்காரரை அடித்துக் கீழே தள்ளியது. அவருக்கு எலும்புகள் முறிந்தன. கம்பெனிக்கு 30,000 யூரோ அபராதம்.

அதே ஆண்டு அக்டோபரில் டில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் இந்தியப் பந்தயம். அதே கம்பெனியின் ஓட்டி வெட்டல் நான்காவது முறையாக உலக வீரரானார். மகிழ்ச்சியில், காரை நேரே கொண்டுபோய் ஒப்படைக்காமல், ஜனங்களுக்கு முன்னால் வட்டமடித்துக் காட்டிவிட்டு இறங்கிக் கும்பிட்டார். விதி மீறல்! ஓட்டிக்குக் கண்டனம், கம்பெனிக்கு 25,000 யூரோ அபராதம்.

பார்த்தீர்களா? உழைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதனின் எலும்பு முறிந்தால் 30,000. ஜனங்கள் கைதட்டக் காரைச் சுற்றினால் 25,000. இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் 5,000 யூரோ. இந்தத் தராசை யார் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டாமா?

விதி எங்கிருந்து வந்தது?

பந்தயத்தை நடத்தும் சர்வதேசச் சம்மேளனம் தூங்குகிறது என்று நான் சொல்லவில்லை. அந்த ஜெர்மனி விபத்துக்குப் பிறகு பிட் சந்தில் வேகத்தை மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 80-ஆகக் குறைத்தார்கள். காமிராக்காரர்களைச் சந்தை விட்டு விலக்கிச் சுவரோரமாக நிறுத்தினார்கள். இன்று பிட்டிலே வேலை செய்கிறவர் தலைக்கவசத்துடனும், தீப்பிடிக்காத உடையுடனும் நிற்கிறார். நல்லது. வரவேற்போம். ஆனால் இந்த விதிகளில் எது ரத்தம் சிந்தாமல் வந்தது?

1994 மே 1-ம் தேதி இத்தாலியில் இமோலா பந்தயம். பிரேஸில் நாட்டுப் புகழ்பெற்ற வீரர் சென்னா அன்றுதான் மாண்டார். அதற்கு முந்திய நாள் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ராட்ஸன்பெர்கர் மாண்டார். அவ்விருவரையும் உலகம் அறியும். ஆனால் அதே ஞாயிற்றுக்கிழமை, பிட்டிலிருந்து வெளியே போன ஒரு காரின் சக்கரம் கழன்று மெக்கானிக்குகள் அடிபட்டு விழுந்ததை எத்தனை பேர் அறிவார்கள்? அதற்குப் பிறகுதான், அடுத்த பந்தயமான மொனாக்கோவில், பிட் சந்துக்கு வேகக் கட்டுப்பாடு வந்தது. அதுவரையில் மனிதர்கள் நின்று வேலை செய்யும் சந்திலே கார்கள் இஷ்டப்பட்ட வேகத்தில் பறந்தன!

அதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. அதைத்தான் நம் தோழர்கள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்.

1981 மே மாதம். பெல்ஜியத்தில் ஸோல்டர் என்ற ஊர். அங்கே பிட் சந்து மிகவும் குறுகல். ஆட்களும் கார்களும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். பயிற்சி நாளன்று ஒஸெல்லா என்ற சிறிய கம்பெனியின் மெக்கானிக், ஜியோவானி அமடேயோ, அந்த நெரிசலில் சந்திலே வந்துகொண்டிருந்த ஒரு காரின் முன்னே விழுந்தார். கார் அடித்தது. மண்டையில் பலத்த காயம். பிறகு அவர் இறந்தே போனார்.

பந்தயம் நின்றதா? நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கார்கள் வரிசையில் வந்து நின்றன. அப்போது நடந்தது என்ன? மெக்கானிக்குகள் தடத்தில் இறங்கி நின்றுவிட்டார்கள்! வெவ்வேறு கம்பெனிக்காரர்கள். நேற்றுவரை போட்டிபோட்டவர்கள். எல்லோரும் ஒன்றாக நின்றார்கள். “எங்கள் உயிருக்குப் பாதுகாப்பு எங்கே?” என்பதுதான் அவர்கள் நின்றதன் பொருள். கார் ஓட்டுகிறவர்களில் சிலரும் இறங்கி வந்து அவர்களோடு நின்றார்கள்.

நடத்துகிறவர்கள் என்ன செய்தார்கள்? நேரம் தப்பக் கூடாது என்று, ஓட்டிகள் எல்லோரும் காரில் ஏறும் முன்பே, முன்னோட்டச் சுற்றைத் தொடங்கிவிட்டார்கள். குழப்பமோ குழப்பம். கடைசியில் பந்தயம் தொடங்கும் நேரத்தில் ஒரு காரின் எஞ்சின் நின்றுபோக, அதைக் கிளப்ப ஓடிய இன்னொரு மெக்கானிக்கைப் பின்னாலிருந்து வந்த, அவருடைய கம்பெனியின் இன்னொரு காரே இடித்தது. கால் முறிந்தது, உயிர் தப்பியது அதிர்ஷ்டம். அமடேயோவை இடித்த காரை ஓட்டியவர்தான் அன்று முதலாவதாக வந்தார். அவர்மேல் நான் குற்றம் சொல்லவில்லை. குறுகிய சந்தைக் கட்டியவன் அவரல்ல. சந்து குறுகல் என்று தெரிந்தும் கடிகாரத்தைப் பார்த்துப் பந்தயம் விட்டவர்கள்தான் குற்றவாளிகள்.

எருதுக்கு நோவு, காக்கைக்குப் பசி என்பார்கள். அன்று ஸோல்டரில் எருதுகள் பேசின. அதனால்தான் விதி பேச ஆரம்பித்தது.

சண்டை எதைப் பற்றி?

இப்போது பிட் விதிகளைப் பற்றிக் கம்பெனிகளுக்குள் நடக்கும் சண்டைக்கு வருவோம். நான் படித்துப் பார்த்தவரையில் அந்தச் சண்டையில் ஒரு விசித்திரம் தெரிகிறது.

2014-ல் சம்மேளனம் ஒரு கடுமையான விதி போட்டது. சக்கரம் சரியாகப் பொருந்தாமல் காரைப் பந்தயத்தில் அனுப்பினால், அந்தப் பந்தயத்தில் கிடைக்கும் தண்டனை போதாது. அடுத்த பந்தயத்திலும் அந்தக் கார் பத்து இடம் பின்னால் நின்றுதான் தொடங்க வேண்டும். மலேசியாவில் ரெட்புல் கம்பெனியின் ரிக்கியார்டோ இந்த விதியில் மாட்டினார். முன்சக்கரம் மாட்டப்படாமல் கார் நகர்ந்தது. உடனே நிறுத்திப் பின்னுக்குத் தள்ளிவந்து சக்கரத்தை மாட்டினார்கள். ஆனாலும் பந்தயத்தில் பத்து நொடி நிறுத்தம்; அடுத்த பந்தயத்தில் பத்து இடம் பின்னடைவு.

உடனே கூக்குரல் எழுந்தது. “ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனையா? மெக்கானிக்கின் தவறுக்கு ஓட்டியைத் தண்டிக்கலாமா?” என்றார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பத்து இடத் தண்டனை விதியிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

ஓட்டியைத் தண்டிப்பது நியாயமா என்ற கேள்வியில் சாரம் இல்லாமல் இல்லை. விளக்கைப் பார்த்து ஓட்டுகிறவன் என்ன செய்வான்? ஆனால் இதைக் கவனியுங்கள்: 30,000, 50,000 என்று காசாக அபராதம் போட்டபோது இவ்வளவு பெரிய கூக்குரல் எழவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இடத்திலும் நொடியிலும் கை வைத்தபோதுதான் வலித்தது. ஏன்? காசு செலவுக் கணக்கில் போகும். நொடியோ லாபக் கணக்கில் இருக்கிறது. லாபத்தைத் தொடாத தண்டனை தண்டனையே அல்ல, அது கட்டணம்! சுங்கச் சாவடியில் கட்டிவிட்டுப் போகிற மாதிரி கட்டிவிட்டுப் போகலாம்.

2021-ல் இன்னொரு சண்டை. சக்கரம் முடுங்கியதும் விளக்குப் பச்சையாக மாறும் வேலையை யந்திரங்கள் மனிதக் கண்ணும் கையும் எட்ட முடியாத வேகத்தில் செய்கின்றன என்று சம்மேளனம் சந்தேகப்பட்டது. மரை முடுங்கியதற்கும் ஜாக்கியை இறக்கச் சொல்வதற்கும் இடையே 0.15 நொடி, ஜாக்கி இறங்கியதற்கும் பச்சை விளக்குக்கும் இடையே 0.2 நொடி. குறைந்தது இவ்வளவாவது இருக்க வேண்டும் என்றது. அதாவது, மனிதன் கண்ணால் பார்த்துக் கையால் சொல்ல அவகாசம் கொடு என்றது. அவ்வளவுதான்!

அதற்கும் சண்டை. “நாங்கள் வேகமாக மாற்றுகிறோம் என்பதற்காக எங்களை இழுத்துப் பிடிக்கப் பார்க்கிறார்கள்” என்று வேகத்தில் முன்னணியில் நின்ற ரெட்புல் கம்பெனியின் தலைவர் குறைப்பட்டார். ஹங்கேரிப் பந்தயத்திலேயே அமலுக்கு வர வேண்டிய உத்தரவு அதற்கடுத்த பெல்ஜியம் பந்தயத்துக்குத் தள்ளிப்போயிற்று. ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு! அதை மனிதனுக்கு விட்டுக்கொடுக்க இத்தனை தகராறு!

வடிகட்டியும் மூடியும்

இங்கேதான் நம் ஊர் ஞாபகத்துக்கு வருகிறது.

1994 ஜூலையில் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் பெனட்டன் கம்பெனியின் கார் பிட்டுக்கு வந்தது. அந்தக் காலத்தில் பந்தயத்தின் நடுவே பெட்ரோலும் நிரப்புவார்கள். குழாயிலிருந்து பெட்ரோல் சிதறிக் கார் முழுவதும் குப்பென்று தீப்பற்றியது. ஓட்டியும் மெக்கானிக்குகளும் தீக்காயத்துடன் தப்பினார்கள். பிறகு விசாரணையில் தெரிந்தது என்ன? பெட்ரோல் நிரப்பும் கருவியில் இருக்க வேண்டிய வடிகட்டி கழற்றப்பட்டிருந்தது. வடிகட்டி இல்லாவிட்டால் பெட்ரோல் வேகமாகப் பாயும், நேரம் மிச்சமாகும்! செப்டம்பரில் சம்மேளனம் விசாரித்தது. இதற்குத் தண்டனை இல்லாமலே விட்டது. பந்தயத்தின் நடுவே பெட்ரோல் நிரப்புவதே 2010-ல்தான் நிறுத்தப்பட்டது.

வடிகட்டியைக் கழற்றினால் நேரம் மிச்சம். இந்தக் கணக்கு உங்களுக்குப் புதிதா, தோழர்களே? கார்டிங் யந்திரத்தின் மூடியைக் கழற்றி வைத்தால் பஞ்சு அடைத்தபோது எடுக்கச் சௌகரியம். தையல் மிஷினில் ஊசிக்கு முன்னே விரல் போகாமல் தடுக்கும் கம்பியை எடுத்துவிட்டால் பீஸ் வேகமாக ஓடும். துணி வெட்டும் யந்திரத்தில் நிற்பவன் இரும்பு வலைக் கையுறையைப் போட்டால் வேகம் குறையும். போடாவிட்டால் விரல் குறையும்! கதிரடிக்கும் யந்திரத்தில் கதிரைத் தள்ளிவிடும் தகரத் தொட்டி நீளமாக இருந்தால் கை உள்ளே போகாது. குட்டையாக இருந்தால் விலை குறைவு. வயலில் கை போன தொழிலாளிகளுக்காகவே 1983-ல் நாடாளுமன்றம் அபாயகரமான யந்திரங்கள் சட்டம் என்று ஒன்றைப் போட்டது. அந்தச் சட்டத்தை எத்தனை பண்ணையில் கண்டிருக்கிறீர்கள்?

மூடியைக் கழற்றியது யார் என்று கேட்டால், “தொழிலாளியே கழற்றிக்கொண்டான்” என்பது முதலாளியின் பதில். பல சமயம் கழற்றிய கை தொழிலாளியின் கைதான். மறுக்கவில்லை. ஆனால் கழற்றச் சொன்னது எது? பீஸ் ரேட் சொன்னது. ஷிப்மெண்ட் தேதி சொன்னது. ‘இன்றைக்குள் முடியாவிட்டால் நாளைக்கு வராதே’ என்ற காண்ட்ராக்டரின் பார்வை சொன்னது. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். விரலையும் இழந்து பழியையும் நாமே சுமக்க வேண்டுமா?

2025 மே மாதத்தில் பல்லடம் அருகே கரைப்புதூரில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளர்கள் விஷவாயுவில் மூச்சுத் திணறி மாண்டார்களே, மறந்துவிடவில்லையே? மனிதனை அப்படி இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் இருக்கிறது. அப்படிச் செத்தால் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விதி இல்லாததால் சாகவில்லை. விதியை மீறுவது மலிவாக இருப்பதால் சாகிறோம்.

அபராதம் யார் பெட்டிக்கு?

பார்முலா ஒன்னில் வசூலாகும் அபராதம் சம்மேளனத்தின் பெட்டிக்குப் போகிறது. அடிபட்ட மெக்கானிக்கின் வீட்டுக்கு அல்ல. 2023-ல் அபராதத்தின் உச்சவரம்பை 10 லட்சம் யூரோவாக உயர்த்தினார்கள். 2024 நவம்பரில் கார் ஓட்டிகளின் சங்கம் பகிரங்கமாகவே கேட்டது: “நீங்கள் வசூலிக்கும் அபராதப் பணம் எங்கே போகிறது? எதற்குச் செலவாகிறது? மூன்று ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்” என்று. கோடிக்கணக்கில் சம்பாதிப்பவர்கள்தான்; ஆனாலும் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி.

நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு பாதிப் பதில் சட்டத்திலேயே உண்டு. தொழிலாளிக்கு முதலாளி அபராதம் போட்டால் அது சம்பளத்தில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் போகக் கூடாது. அவனுடைய சமாதானத்தைக் கேட்காமல் போடக் கூடாது. ரிஜிஸ்தரில் எழுத வேண்டும். வசூலான பணத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும். 1936-ம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் இப்படிச் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த 2019-ம் ஆண்டு ஊதியத் தொகுப்பும் இதையே சொல்கிறது. உங்கள் கம்பெனியில் அந்த ரிஜிஸ்தரைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்!

முதலாளிக்கு அபராதம்? 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தை 1987-ல் திருத்தியபோது, பாதுகாப்பு விதிகளை மீறியதால் ஒரு தொழிலாளி செத்தால் குறைந்தது 25,000 ரூபாய், பலத்த காயம் அடைந்தால் குறைந்தது 5,000 ரூபாய் என்று வைத்தார்கள். இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு என்று எழுதினார்கள். அந்தச் சட்டம் போய், 2025 நவம்பர் 21 முதல் 2020-ம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புத் தொகுப்பை மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்தது. அதில் சாவுக்குக் குறைந்தது 5 லட்சம். பலத்த காயத்துக்கு 2 லட்சத்திலிருந்து 4 லட்சம் வரை. அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் காயம்பட்டவனுக்கோ குடும்பத்துக்கோ கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவு போடலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

தொகை உயர்ந்தது, பாதி நமக்கு என்ற எண்ணம் பிறந்தது, இரண்டும் நல்லதே. ஆனால் ‘கொடுக்க வேண்டும்’ என்றில்லை, ‘கொடுக்கலாம்’ என்றுதான் இருக்கிறது. அதோடு, மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்த வரையறையை 20 பேர் என்று ஆக்கிவிட்டார்கள். பத்துக்கும் இருபதுக்கும் நடுவே ஆள் வைத்து ஜாப் ஒர்க் ஓட்டும் பட்டறைகள் திருப்பூர்ச் சந்துகளில் எத்தனை என்று நமக்குத் தெரியாதா? ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பது என்பது இதுதான்.

முடியாதது அல்ல

‘விதியைக் கடுமையாக்கினால் தொழில் படுத்துவிடும், ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விடும்’ என்பார்கள். பந்தயக் கம்பெனிகளும் இதே பாட்டைத்தான் பாடின. வேகம் குறைந்தால் பந்தயத்துக்குச் சுவையில்லை என்றன. பிட்டிலே 80 கிலோமீட்டர் வந்தது, பந்தயம் செத்துவிட்டதா? பெட்ரோல் நிரப்புவது நின்றது; பந்தயம் செத்துவிட்டதா? இல்லை. மெக்கானிக்குகள் பிழைத்தார்கள், பந்தயமும் பிழைத்தது.

நம் மாகாணத்திலேயே பாருங்கள். 2024 ஆகஸ்டு 31-ம் தேதி சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் தெருவில் இரவுப் பந்தயம். சர்வதேசச் சம்மேளனத்தின் சான்று கைக்கு வராமல் கார் ஓடக் கூடாது என்று உயர்நீதிமன்றம் சொன்னது. மழை பெய்தது, சான்று தாமதமாயிற்று. அமைச்சர்கள் இருந்தார்கள், கம்பெனிகள் இருந்தார்கள், டிக்கெட் வாங்கிய ஜனங்கள் இருந்தார்கள். ஆனாலும் சான்று வரும்வரை கார்கள் காத்திருந்தன. வானம் இடிந்து விழவில்லை. பாதுகாப்பு முதலில், ஓட்டம் பிறகு என்று ஒருவன் உறுதியாகச் சொன்னால் காத்திருக்க முடிகிறதே!

அந்த உறுதி எல்லா இடத்திலும் வேண்டும். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் 2023 ஜனவரியில் 59 வயதான அனுபவசாலி ஒருவர் மாண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் மாண்டான். 13 வயது! அந்தப் பெற்றோரின் துயரத்தில் நாமும் பங்கு கொள்கிறோம். விதி என்பது செத்தவனுக்கு மாலை போடுவதற்கு அல்ல, சாகாமல் காப்பதற்கு.

ஆகவே, நாம் கேட்பது இது. சாவுக்கும் காயத்துக்கும் போடும் அபராதம் அடிபட்டவன் வீட்டுக்கே போய்ச் சேர வேண்டும். ‘கொடுக்கலாம்’ என்பது ‘கொடுத்தாக வேண்டும்’ என்று ஆக வேண்டும். அது கம்பெனியின் செலவைத் தொட்டால் போதாது, லாபத்தைத் தொட வேண்டும்: மூடியில்லாத யந்திரம் கண்டால் மூடி மாட்டும்வரை அந்த யந்திரம் நிற்க வேண்டும், நின்ற நேரத்துக்குத் தொழிலாளியின் கூலி ஓட வேண்டும். காண்ட்ராக்டரைக் காட்டி முதலாளி நழுவக் கூடாது. பத்துப் பேர் இருக்கும் பட்டறைக்கும் இன்ஸ்பெக்டர் சொல்லாமல் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பச்சை விளக்கைப் போடும் உரிமையில் சக்கரம் மாட்டுகிறவனுக்குப் பங்கு வேண்டும். ‘இது ஆபத்து, ஓட்டாதே’ என்று மிஷின் முன்னால் நிற்பவன் சொன்னால், அந்தச் சொல்லுக்கு மதிப்பு வேண்டும். சொன்னவனுக்கு வேலை போகக் கூடாது.

இதை யாரும் தட்டில் வைத்துத் தரமாட்டார்கள். பஞ்சப்படிக்காக 1984-ல் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரிசி விலை ஏறும்போது கூலி ஏற வேண்டும் என்பதற்கு அவ்வளவு நாள் பட்டினி கிடந்தோம். விரல் மிஞ்ச வேண்டும், உயிர் மிஞ்ச வேண்டும் என்பதற்கு ஒரு நாளாவது நின்றிருக்கிறோமா? கூலியை எண்ணிக் கேட்கிறோம். விரலை எண்ணிக் கேட்பதில்லை.

அடுத்த முறை டீக்கடை டெலிவிஷனில் பந்தயம் ஓடினால் பாருங்கள். கார் வந்து நிற்கும். இருபது பேர் குனிவார்கள். இரண்டு நொடியில் நிமிர்வார்கள். அவர்கள் தலையில் கவசம் இருக்கும், சந்திலே வேகம் கட்டுப்பட்டிருக்கும். அதில் எதையும் கம்பெனி தானாகக் கொடுத்துவிடவில்லை. ஸோல்டரில் போட்டியை மறந்து தடத்தில் இறங்கி நின்றவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு திங்கட்கிழமை காலை உங்கள் மிஷினுக்கு முன்னால் போய் நின்று, அதன் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பக்கத்து மிஷின்காரனையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.